சீட்டு விழுந்த பன்னிரண்டு பேர்: 141-ஆவது இத்தாலியக் காலாட்படை ரெஜிமென்டும் கட்டன்சாரோ கலகமும்

இத்தாலியில் ஒரு காலாட்படை ரெஜிமென்டுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த மரியாதை அதன் கொடிக்குச் சூட்டப்படும் தங்கப் பதக்கம். தனி மனிதரின் மார்பில் குத்துவதைக் காட்டிலும் இதற்கு மதிப்பு அதிகம். அந்தக் கொடியின்கீழ் நின்றவர், இறந்தவர் எல்லாருக்கும் சேர்த்துத் தரப்படுவது. 141-ஆவது காலாட்படை ரெஜிமென்டின் கொடிக்கு அது கிடைத்தது. பதக்கத்தோடு வரும் வாசகம் சான் மிக்கேலே, ஒஸ்லாவியா, ஆசியாகோ மேட்டுநிலம், நாட் லோகெம் என்று போர்க்களங்களை வரிசையாகச் சொல்லி, ஈடு இணையற்ற தாக்குதல் வேகம் என்று புகழ்ந்து, கடைசியில் காலத்தையும் குறிக்கிறது: 1915 ஜூலை முதல் 1916 ஆகஸ்டு வரை.

அந்தப் பதினான்கு மாதத்துக்குள்தான், 1916 மே 28 அன்று, இந்த ரெஜிமென்டின் பன்னிரண்டு பேர் தங்கள் கர்னலின் ஆணைப்படி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதக்கக் காலம் முடிந்து பதினோரு மாதம் கழித்து, 1917 ஜூலை 15 இரவு, இந்த ரெஜிமென்டின் வீரர்களும் இதன் உடன்பிறப்பான 142-ஆவது ரெஜிமென்டின் வீரர்களும் தங்கள் அதிகாரிகள்மீதே துப்பாக்கியைத் திருப்பினார்கள். விடிந்ததும் 28 பேர் சுடப்பட்டார்கள். முதல் உலகப் போரில் இத்தாலியப் படைக்குள் வெடித்த கலகங்களில் மிகக் கடுமையானது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான்.

நல்ல படை, கெட்ட படை என்று பிரித்துப் பேசினால் இந்தக் கதை பிடிபடாது. புகழப்பட்டவர்களும் சுடப்பட்டவர்களும் ஒரே படையினர். என்ன நடந்தது என்பதோடு, 1916-இல் ஒரு கர்னல் செய்த காரியம் ஆறே மாதத்தில் எப்படிப் படை முழுமைக்கும் விதியானது, அந்த விதி திரும்பி வந்து அதே பிரிகேடின் தலையில் எப்படி விழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யார் இவர்கள்

அன்றைய இத்தாலியக் காலாட்படையில் இரண்டு ரெஜிமென்டுகள் சேர்ந்தது ஒரு பிரிகேட். ரெஜிமென்டுக்கு எண், பிரிகேடுக்கு ஊர்ப் பெயர். 141, 142 இரண்டும் சேர்ந்தது கட்டன்சாரோ பிரிகேட். போர் வரும் என்று தெரிந்து 1915 தொடக்கத்தில் அவசரமாகத் திரட்டப்பட்ட புதிய பிரிகேடுகளில் ஒன்று. பழைய ரெஜிமென்டுகளுக்கு இருந்த கரிபால்டி காலத்துப் பெருமையெல்லாம் இதற்குக் கிடையாது. ஒன்று கட்டன்சாரோ நகரிலும் மற்றது மொன்தெலெயோனேயிலும், அதாவது இன்றைய வீபோ வலென்சியாவிலும், திரட்டப்பட்டது. இரண்டுமே கலாப்ரியா ஊர்கள். பூட்ஸ் வடிவில் கிடக்கும் இத்தாலியின் கால்விரல் பக்கம்.

வீரர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் விவசாயிகள், கூலிக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள். 1911 கணக்கெடுப்பில் கலாப்ரியாவில் பத்தில் ஏழு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கொருவர் அமெரிக்காவுக்கோ அர்ஜென்டினாவுக்கோ கப்பல் ஏறியிருந்த காலம். 1908 டிசம்பர் 28 நிலநடுக்கம் ரெஜ்ஜோ நகரைத் தரைமட்டமாக்கி ஏழாண்டுகூட ஆகவில்லை. அரசாங்கம் என்பது அவர்களைப் பொறுத்தவரை வரி கேட்கவும் ஆள் பிடிக்கவும் மட்டும் ஊருக்குள் வருவது. ட்ரியெஸ்தே, ட்ரெண்டோ நகரங்களை ஆஸ்திரியாவிடமிருந்து மீட்கப் போகிறோம் என்றபோது, அவை எந்தத் திசையில் இருக்கின்றன என்று கேட்டிருக்கக்கூடியவர்கள்.

1915 மே 24 அன்று இத்தாலி போரில் இறங்கியது. நாட்டின் தென்கோடியில் திரட்டப்பட்ட இந்தப் படை வடகிழக்குக் கோடிக்கு அனுப்பப்பட்டது.

கல்லும் தண்ணீரில்லாக் காடும்

போன இடம் கார்சோ. இசொன்சோ ஆற்றுக்குக் கிழக்கே ட்ரியெஸ்தேவை நோக்கிப் பரந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். மழை பெய்தால் நீர் கல் இடுக்குகளில் இறங்கி மறைந்துவிடும். மேலே ஓடை கிடையாது, குடிதண்ணீர் பின்னாலிருந்து சுமந்து வர வேண்டும். மண்வெட்டி போட்டுப் பதுங்குகுழி தோண்ட முடியாது. பாறையைக் கொத்த வேண்டும், அல்லது கல்லை அடுக்கி மார்பளவு சுவர் எழுப்பி அதன் பின்னால் படுத்துக்கொள்ள வேண்டும். குண்டு விழுந்தால் இரும்புச் சிதறலோடு கல் சிதறலும் பறக்கும். கண்ணிலும் தலையிலும் காயம் பட்டவர்கள் அங்கே அதிகம். இத்தாலியக் காலாட்படைக்கு அப்போது இரும்புத் தலைக்கவசம்கூடப் பரவலாக வந்து சேரவில்லை.

மேட்டுநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் சான் மிக்கேலே குன்றின் உயரம் 275 மீட்டர். நம் ஊர்க் கோயில் மலைகள் பலவும் இதைவிட உயரம். அந்தக் குன்றைப் பிடிக்க இத்தாலியர்களுக்கு 1916 ஆகஸ்டு வரை ஆனது. அதன் சரிவில் பொஸ்கோ கப்பூச்சோ என்று ஒரு சிறு காடு. காடு என்ற பெயர்தான் மிஞ்சியது. பீரங்கி அடித்து மரமெல்லாம் முளைக்குச்சிகளாக நின்றன. 1915 ஜூலையில் தொடங்கிய இரண்டாம் இசொன்சோ போர் முதல் ஆண்டு முடிவு வரை கட்டன்சாரோ வீரர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் மாறி மாறி ஏறினார்கள், இறங்கினார்கள், இறந்தார்கள். தாக்குதல் முறையில் நுணுக்கம் எதுவும் இல்லை. பீரங்கி சிறிது நேரம் முழங்கும். முள்கம்பி பெரும்பாலும் அறுபடாமலே இருக்கும். விசில் ஊதியதும் வரிசையாக எழுந்து ஓட வேண்டும்.

தலைமைத் தளபதி லூயிஜி கடோர்னா 1915 செப்டம்பர் 28 அன்று ஒழுங்கு குறித்து ஒரு சுற்றறிக்கை விட்டார். அடங்க மறுப்பவனையும் கோழையையும் அந்த இடத்திலேயே சுட்டுத் தள்ள மேலதிகாரிக்குப் புனிதமான அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம். சரணடையவோ பின்வாங்கவோ முயல்பவனை அதிகாரியின் குண்டு எட்டாவிட்டால் பின்வரிசையின் குண்டோ கராபினியேரிகளின் குண்டோ எட்டும் என்றும் அது எச்சரித்தது. கராபினியேரி என்பது இத்தாலியின் படைக்காவல். தன் வீரர்களைப் பற்றி ஒரு தளபதியின் மனத்தில் இருந்த படம் இதுதான். இசொன்சோ கரையில் பிறகு நடந்தவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தாள் நினைவுக்கு வந்துவிடுகிறது.

மொஷியாக் மலை: இரண்டு நாள்கள்

1916 மே 15 அன்று ஆஸ்திரியப் படை ட்ரெண்டோ பக்கமிருந்து ஆசியாகோ மேட்டுநிலத்தின்மீது பாய்ந்தது. முன்னாள் கூட்டாளியான இத்தாலியின் நம்பிக்கைத் துரோகத்துக்குத் தண்டனை என்ற பொருளில் தண்டனைப் படையெடுப்பு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் படை சமவெளியில் இறங்கிவிட்டால் இசொன்சோ முனையில் நிற்கும் இத்தாலியப் படை முழுவதும் முதுகுப்புறம் அடைபட்டுவிடும். கையில் அகப்பட்ட பிரிகேடுகளையெல்லாம் அள்ளி மேட்டுநிலத்துக்கு அனுப்பினார்கள். இசொன்சோ முனையிலிருந்து கட்டன்சாரோவும் போனது. முன்பின் தெரியாத பனிமலைக் காடு. முன்னால் இருந்த அணிகள் சிதறிப் பின்வாங்கி வந்துகொண்டிருந்தன. எது முன்வரிசை என்றே தெளிவில்லை.

மே 26 அன்று கடோர்னா, மேட்டுநிலப் படைகளின் தளபதி ஜெனரல் லெக்வியோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மிகக் கடுமையான நடவடிக்கைகளை எடுங்கள், தேவைப்பட்டால் குற்றவாளிகளை விசாரணை எதுவுமின்றி உடனே சுடுங்கள், எந்தப் பதவியில் இருப்பவராக இருந்தாலும் சரி என்றது கடிதம். அதே நாள்களில்தான் மொஷியாக் மலையில் 141-ஆவது ரெஜிமென்டின் ஒரு பகுதி ஆஸ்திரியத் தாக்குதலில் நிலைகுலைந்து காட்டுக்குள் சிதறியது.

மறுநாள், 27-ஆம் தேதி, அதே 141-ஆவது ரெஜிமென்ட் எதிர்த் தாக்குதல் நடத்தியது. மலையில் எதிரியால் சூழப்பட்டிருந்த இத்தாலியப் பீரங்கிகளை மீட்டுக்கொண்டு வந்தது. தலைமையகத்தின் போர் அறிக்கை ரெஜிமென்டின் எண்ணைச் சொல்லிப் பாராட்டியது. அந்த அறிக்கைகளில் ஒரு ரெஜிமென்ட் பெயரோடு குறிப்பிடப்படுவது அன்று சாதாரண விஷயமில்லை.

அடுத்த நாள், 28-ஆம் தேதி, ரெஜிமென்டின் கர்னல் அத்தீலியோ தெர்மெஸ் ஆணையிட, சிதறி ஓடியவர்களிலிருந்து பன்னிரண்டு பேர் சுடப்பட்டார்கள். ஓர் இளநிலை லெப்டினன்ட், மூன்று சார்ஜென்ட்கள், எட்டுச் சிப்பாய்கள். பத்துக்கு ஒருவர் என்று சீட்டுப் போட்டு எடுக்கப்பட்டவர்கள். போர் தொடங்கிய பிறகு இத்தாலியப் படையில் நடந்த முதல் பத்திலொருவர் தண்டனை இது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

கடோர்னா இதையும் பாராட்டினார். கர்னல் தம் சொந்த முனைப்பில் இதைச் செய்தார் என்று குறிப்பிட்டு, படைகள் முன் எடுத்துக்காட்டாக வைத்தார். இந்தச் ‘சொந்த முனைப்பு’ என்ற சொல்லில்தான் என் கண் நிற்கிறது. இரண்டு நாளுக்கு முன்பு விசாரணையின்றிச் சுடச் சொல்லிக் கடிதம் எழுதியவரே அவர்தான். கடிதம் லெக்வியோவுக்குப் போனது, அங்கிருந்து கீழே எந்த வடிவில் இறங்கியது, மலைமேல் இருந்த கர்னலின் காதில் எப்படி விழுந்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டாலும், மேலிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று எந்தக் கர்னலுக்கும் புரியாமல் இருந்திருக்காது. கீழே இருப்பவர் செய்தார் என்று சொன்னால் மேலே இருப்பவருக்குப் பொறுப்பு இல்லை. கீழே இருப்பவரைப் பாராட்டினால் மற்றக் கர்னல்களுக்குச் செய்தி போய்ச் சேரும். ஒரே வாக்கியத்தில் இரண்டு வேலையும் முடிந்தது.

வரிசையையும் பாருங்கள். சிதறியது 26-இல், பீரங்கியை மீட்டது 27-இல், சுட்டது 28-இல். கட்டுக்குலைந்த ரெஜிமென்ட் மறுநாளே தானாகக் கட்டுக்குள் வந்து சண்டையிட்டுவிட்டது. அதற்குப் பிறகு துப்பாக்கிச் சூடு எதை மீட்பதற்கு? ஒழுங்கை மீட்க என்றால் அது முன்பே மீண்டிருந்தது. மீதியிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்து அஞ்ச வேண்டும் என்பதைத் தவிர வேறு பயன் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

வழக்கம் விதியாகிறது

பத்தில் ஒருவரைக் கொல்வது பழைய ரோமானியப் படையின் தண்டனை. தவறிழைத்த அணியில் சீட்டுப் போட்டு, சீட்டு விழுந்தவனை மற்ற ஒன்பது பேரும் அடித்தே கொல்ல வேண்டும். தன்னை ரோமின் வாரிசாக நினைத்துக்கொண்ட நாடு அங்கிருந்து எடுத்துக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று.

இத்தாலியின் பொதுக் குற்றவியல் சட்டம் 1890 முதலே மரண தண்டனையை ஒழித்திருந்தது. ஐரோப்பாவில் அப்போது அதைச் செய்திருந்த நாடுகள் கொஞ்சம்தான். ஆனால் சிப்பாய்க்குச் சட்டம் வேறு. 1869-ஆம் ஆண்டின் படைக் குற்றவியல் சட்டம் அப்படியே நடைமுறையில் இருந்தது. அதில் மரண தண்டனை தாராளமாக உண்டு. கலகத்தையோ தப்பியோட்டத்தையோ அந்தக் கணத்திலேயே தடுக்க அதிகாரி ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்பதற்கும் இடம் உண்டு. ஆனால் சீட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொல்லலாம் என்று அந்தக் கடுமையான சட்டத்திலும் எங்கும் கிடையாது.

சட்டத்தில் இல்லாததைச் சுற்றறிக்கை கொடுத்தது. 1916 நவம்பர் 1 அன்று கடோர்னா எழுதியது: கூட்டுக் குற்றங்களை அடக்க முதன்மைக் குற்றவாளிகளை உடனே சுடுவதைத் தவிர வேறு வழியில்லை, குற்றவாளி யார் என்று கண்டறிய முடியாதபோது, சந்தேகத்துக்கு உரியவர்களிலிருந்து சிலரைச் சீட்டுப் போட்டு எடுத்து மரண தண்டனை விதிப்பது தளபதிகளின் உரிமையும் கடமையும் ஆகும். கடமை என்ற சொல்தான் இங்கே முக்கியம். உரிமை என்றால் மனசாட்சி உள்ள அதிகாரி பயன்படுத்தாமல் விட்டுவிடலாம். கடமை என்றால் சுடாதவர் விளக்கம் சொல்ல வேண்டும்.

அதே சமயத்தில், கார்சோவில் நின்ற மூன்றாம் படையின் தளபதி அவோஸ்தா கோமகன் எமானுவேலே ஃபிலிபெர்தோ இன்னும் வெளிப்படையாகவே எழுதினார். தம் படைகளில் களங்கம் தேடிக்கொண்ட அணிகளிலிருந்து சிலரை, குற்றம் செய்தவரோ செய்யாதவரோ, உடனே சுடுவதற்குத் தாம் ஒப்புதல் தந்ததாக. தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமா என்று நாம் கேலியாகக் கேட்பதை அரச குடும்பத்தவர் ஒருவர் ஆணையாகவே எழுதிவிட்டார். மொஷியாக் மலையில் மே மாதம் தனி நிகழ்வாக நடந்தது நவம்பரில் நடைமுறை விதி. கட்டன்சாரோ பிரிகேடும் அந்த மூன்றாம் படையின்கீழ் கார்சோவுக்குத் திரும்பியிருந்தது.

இடையில் 1916 ஆகஸ்டில் ஆறாம் இசொன்சோ போர். கொரீசியா நகரும் சான் மிக்கேலேயும் இத்தாலியர் கைக்கு வந்தன. அடுத்திருந்த நாட் லோகெம் உயரத்தைப் பிடிக்கும் சண்டையில் கட்டன்சாரோ பெயர் பெற்றது. பதக்க வாசகம் முடிவது இங்கேதான்.

சாந்தா மரியா லா லோங்கா

1917 மே 12 முதல் ஜூன் முதல் வாரம் வரை பத்தாம் இசொன்சோ போர். இத்தாலியப் பக்கம் இழப்பு ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. கிடைத்தது சில கிலோமீட்டர் கல். அதிலும் ஒரு பகுதியை ஜூன் 4, 5 தேதிகளில் ஃப்ளோந்தார் பக்கம் ஆஸ்திரியர்கள் திருப்பித் தாக்கிப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான இத்தாலியர்கள் சிறைப்பட்டார்கள். கடோர்னா தம் திட்டத்தைக் குறை சொல்லவில்லை. பிரதமர் பொசெல்லிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, உள்நாட்டில் பரவும் போர் எதிர்ப்புப் பிரசாரமே படையைக் கெடுக்கிறது, அரசு கண்டுகொள்ளாமல் இருக்கிறது என்று குற்றம் சாட்டினார்.

ஜூன் இறுதியில் கட்டன்சாரோ பிரிகேட் ஓய்வுக்கு அனுப்பப்பட்டது. இடம், பால்மனோவா நகருக்கு அருகில் ஃப்ரியூலிச் சமவெளியில் இருக்கும் சாந்தா மரியா லா லோங்கா என்ற சிற்றூர். மல்பெரி மரங்கள், சோள வயல்கள், கிணற்றில் தண்ணீர். இரண்டாண்டாகக் கார்சோவில் கிடந்தவர்களுக்கு இதுவே பெரிது. ஓய்வு முடிந்ததும் கார்சோவை விட்டு வேறு அமைதியான முனைக்கு மாற்றப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு வீரர்களிடம் ஊறியிருந்தது. சில பிரிகேடுகள் அமைதியான மலைமுனைகளில் மாதக்கணக்கில் இருக்க, தாங்கள் மட்டும் திரும்பத் திரும்ப அதே கல்மேட்டுக்கு என்ற குறையும் இருந்தது. ஊருக்குப் போய் வர ஆண்டுக்கு ஒரு முறை பதினைந்து நாள் விடுப்பு என்பது கணக்கு. அது கையில் கிடைத்தாலும், கலாப்ரியாவின் மலைக் கிராமத்துக்கு ரயிலும் கோவேறு கழுதையுமாகப் போய்ச் சேர்வது மிலானோக்காரன் வீட்டுக்குப் போவதைப்போல ஒரு நாள் காரியமில்லை.

ஜூலை நடுவில் ஆணை வந்தது: மீண்டும் கார்சோ, மீண்டும் முன்வரிசை.

15-ஆம் தேதி இரவு பத்து மணிக்குப் பிறகு துப்பாக்கிகள் வெடித்தன. முதலில் 142-ஆவது ரெஜிமென்டின் கம்பெனிகள். பிறகு 141-க்கும் பரவியது. எந்திரத் துப்பாக்கிகளும் முழங்கின. இருட்டில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்று தெரியாத நிலை பல மணி நேரம் நீடித்தது. குதிரைப்படையும் கராபினியேரிகளும், எந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் பொருத்திய மோட்டார் வண்டிகளும் கொண்டுவரப்பட்டன. விடியும் நேரத்தில் அடங்கியது. அந்த இரவில் இறந்தவர்கள் 11 பேர்: இரண்டு அதிகாரிகள், ஒன்பது சிப்பாய்கள். காயம்பட்டவர்கள் 27 பேர்.

இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பிரிகேட் என்றால் முழுப் பலத்தில் ஆறாயிரம் பேர் வரை. கையில் எந்திரத் துப்பாக்கியோடு இரவு முழுவதும் சுட்டவர்கள் கொலைவெறியோடு சுட்டிருந்தால் பிணம் பதினொன்றோடு நின்றிருக்காது. பெரும்பாலான குண்டுகள் வானத்தை நோக்கியோ இருட்டை நோக்கியோ போயிருக்க வேண்டும் என்பதுதான் என் ஊகம். அதற்காக இறந்த இரண்டு அதிகாரிகளின் மரணம் சிறியதாகிவிடாது.

ஜூலை 16 காலை, ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் 28 பேர் சுடப்பட்டார்கள். இவர்களில் பதினாறு பேர் துப்பாக்கிக் குழல் சூடாக இருந்த நிலையில் பிடிபட்டவர்கள். அவர்களாவது சுட்டார்கள் என்பதற்கு ஏதோ ஓர் அடையாளம் இருந்தது. மீதிப் பன்னிரண்டு பேர் 142-ஆவது ரெஜிமென்டின் ஆறாவது கம்பெனியைச் சேர்ந்தவர்கள். கம்பெனியில் இருந்தது 120 பேர். பத்துக்கு ஒன்று என்று சீட்டு. இந்தப் பன்னிரண்டு பேரும் அந்த இரவில் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. விதிப்படி கேட்கவேண்டிய தேவையும் இல்லை. சுட்டவனும் சுட மறுத்தவனும், கூரைக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு படுத்துக்கிடந்தவனும் ஒரே தொப்பியிலிருந்து சீட்டு எடுக்கப்பட வேண்டியவர்கள்.

அன்றே மீதிப் பிரிகேட், குதிரைப்படையும் ஆயுத வண்டிகளும் பக்கத்தில் வர, முன்வரிசைக்கு நடத்திச் செல்லப்பட்டது. எந்தக் கார்சோவுக்குப் போக மறுத்தார்களோ அதே கார்சோவுக்கு.

பிரசாரமா, சலிப்பா

தலைமையகத்தின் விளக்கம் தயாராக இருந்தது: வெளியிலிருந்து விதைக்கப்பட்ட விஷம். சூழலில் அதற்குத் தீனி இல்லாமலும் இல்லை. ரஷ்யாவில் ஜார் ஆட்சி மார்ச்சில் வீழ்ந்திருந்தது. ஜூலை 12 அன்று, கலகத்துக்குச் சரியாக மூன்று நாள் முன்பு, சோஷலிஸ்ட் உறுப்பினர் க்ளவுதியோ த்ரேவெஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து, அடுத்த குளிர்காலம் பதுங்குகுழியில் கழியக்கூடாது என்று முழங்கியிருந்தார். அந்த வாசகம் நாடெங்கும் பரவியது உண்மை. எழுத்தறியாதவர்களுக்கும் சொல் வாய்வழியே போகும் என்பதும் உண்மை.

இருந்தாலும் இந்த விளக்கம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பிரசாரம் எல்லாருக்கும் பொதுவாக வீசிய காற்று. மிலானோ, டூரின் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவர்கள் நிறைந்த அணிகளில்தான் அது முதலில் பற்றியிருக்க வேண்டும். பற்றியதோ சோஷலிஸ்ட் கட்சி வேரூன்றாத மலைக் கிராமங்களிலிருந்து வந்த விவசாயிகளின் பிரிகேடில். அதுவும் எந்த நாள்? மேடைப் பேச்சு வந்த நாளில்லை, முன்வரிசைக்குத் திரும்பும் ஆணை வந்த சமயம். அவர்களுடைய குறையில் சமாதானக் கொள்கையைவிட முறைவைப்புக் கணக்கே அதிகம்: எங்கள் முறை முடிந்துவிட்டது, இனி மற்றவர்கள் முறை. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சும் எந்த ஊர் விவசாயிக்கும் புரிகிற நியாயம்.

இன்னொன்று. நன்றாகச் சண்டையிடும் அணியை எந்தத் தளபதியும் ஓய்வில் வைத்திருக்க விரும்புவதில்லை. தாக்குதலுக்கு நம்பலாம் என்று பெயர் எடுத்த பிரிகேட் மீண்டும் மீண்டும் தாக்குதலுக்கே அனுப்பப்படும். பதக்கமே அவர்களுக்குச் சுமையானது என்று சொன்னால் மிகையாக இருக்கலாம். ஆனால் பதக்கம் வாங்கித் தந்த அதே காரணம்தான் அவர்களைக் கார்சோவில் கட்டிப்போட்டது என்பதை நான் நம்புகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்பு, பிரெஞ்சுத் தலைமைத் தளபதி நிவேல் நடத்திய தாக்குதல் தோற்றதும் பிரெஞ்சுப் படையின் பல டிவிஷன்களில் வீரர்கள் முன்வரிசைக்குப் போக மறுத்தார்கள். அளவில் இத்தாலியக் கலகத்தைவிடப் பல மடங்கு பெரிது. அவருக்குப் பதிலாகப் பொறுப்பேற்ற பெத்தேன் கண்டிப்பும் காட்டினார்; ஐந்நூறுக்கு மேற்பட்ட மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன, நிறைவேறியவை ஐம்பதுக்கும் குறைவு. கூடவே விடுப்பை ஒழுங்குபடுத்தினார், சாப்பாட்டைச் சீராக்கினார், பயனற்ற பெருந்தாக்குதல்களை நிறுத்திவைத்தார். பல டிவிஷன்களின் கலகத்துக்கு ஐம்பதுக்குள். ஒரே பிரிகேடின் ஓர் இரவுக்கு 28. கடோர்னா விடுப்பையும் முறைவைப்பையும் தொடவில்லை. ஒரு மாதம் கழித்துப் பதினொன்றாம் இசொன்சோ போரைத் தொடங்கினார்.

கணக்குத் தீர்த்தவர்கள்

அக்டோபர் 24 அன்று இசொன்சோ கரையிலுள்ள கபொரெட்டோவில் இத்தாலிய முனை உடைந்தது. கடோர்னா வீரர்களைக் கோழைகள் என்று அறிக்கையில் பழித்தார். நவம்பரில் பதவி இழந்தார். அவருக்குப் பின் வந்த அர்மாந்தோ தியாஸ் ஆண்டு விடுப்போடு இன்னும் பத்து நாள் சேர்த்தார், உணவைக் கூட்டினார். டிசம்பரில் வீரர்களுக்கு அரசு இலவசக் காப்பீட்டுப் பத்திரம் தந்தது. மரண தண்டனைகள் நின்றுவிடவில்லை. ஆனால் சீட்டுப் போடும் வழக்கம் மங்கியது. கட்டன்சாரோ வீரர்கள் ஜூலையில் கேட்டதில் ஒரு பகுதி, முனையே இடிந்த பிறகு மற்றவர்களுக்குக் கிடைத்தது.

போருக்குப் பின் கபொரெட்டோ விசாரணைக் குழு இந்தத் தண்டனைகளையும் ஆராய்ந்தது. விசாரணையற்ற கொலைகள் குறித்துப் படைத்துறைத் தலைமை வழக்கறிஞர் தொன்னாத்தோ தொம்மாசி 1919-இல் அறிக்கை தந்தார். படை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகள் 4,028 என்றும், பெரும்பாலானவை தப்பியோடியவர்கள்மீது அவர்கள் இல்லாமலே விதிக்கப்பட்டவை என்றும், நிறைவேறியவை 750 என்றும் எண்ணிக்கை வெளிவந்தது. மொஷியாக் மலையின் பன்னிரண்டு பேரும் சாந்தா மரியாவின் 28 பேரும் இந்த 750-க்குள் வரமாட்டார்கள். அவர்கள் எந்த நீதிமன்றத்தையும் பார்க்கவில்லை. சுட ஆணையிட்டதற்காக எந்தத் தளபதியும் கூண்டில் ஏற்றப்படவில்லை. 1924-இல் முசோலினி அரசு கடோர்னாவுக்கு மார்ஷல் பட்டம் தந்தது.

ரெஜிமென்ட் எண்கள் இன்னொரு முறை உயிர் பெற்றன. இரண்டாம் உலகப் போரில் 141, 142 இரண்டும் 64-ஆவது கட்டன்சாரோ டிவிஷனாக லிபியாவுக்கு அனுப்பப்பட்டன. 1940 டிசம்பரில் எகிப்து எல்லையில் பிரிட்டிஷ் படையும் நான்காம் இந்திய டிவிஷனும் தொடுத்த தாக்குதலின்போது, புக் புக் என்ற கடலோர இடத்தில் டிவிஷனின் பெரும்பகுதி பிரிட்டிஷ் கவசப்படையிடம் சரணடைந்தது. எஞ்சியவர்கள் ஜனவரியில் பார்தியா கோட்டையில் பிடிபட்டார்கள்.

பிரிட்டன் 2006-இல், முதல் உலகப் போரில் சுடப்பட்ட தன் வீரர்கள் 306 பேருக்கு ஒட்டுமொத்த மன்னிப்பு வழங்கியது. இத்தாலியில் 2015 மே மாதம் கீழவை, சுடப்பட்டவர்களின் மரியாதையை மீட்கும் மசோதாவை நிறைவேற்றியது; மேலவையில் அது தேங்கிவிட்டது. ஃப்ரியூலி வெனேசியா ஜூலியா மாநிலம் 2021-இல் தன் அளவில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்த மாநிலத்திலேயே செர்சிவெந்தோ என்ற ஊரில் 1916 ஜூலை 1 அன்று நான்கு மலைப்படை வீரர்கள் சுடப்பட்டிருந்தார்கள். அவர்களுக்காவது அவசர அவசரமாக ஒரு விசாரணை நடந்தது, தீர்ப்பு ஒன்று இருந்தது. எழுபதாண்டுகளுக்குப் பிறகு அவர்களில் ஒருவரின் குடும்பம் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரியபோது, மனுவில் தண்டிக்கப்பட்டவரே கையெழுத்திட வேண்டும் என்று சொல்லிப் படை நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. கட்டன்சாரோ வீரர்களின் வாரிசுகள் அந்த வாசல்வரைகூடப் போக முடியாது. மறுபரிசீலனை கேட்க அவர்கள் கையில் ஒரு தீர்ப்பும் இல்லை.